எங்கள் ஊர்ச் செருப்புகளைக் கட்டுரையிலிருந்து நீக்க வேண்டாம்

கொல்லிமலை, வளப்பூர் நாடு.
கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு புதன்கிழமை.

மதிப்பும் மரியாதையும் மிக்க மருத்துவ ஆராய்ச்சி இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வளப்பூர் நாட்டு மிளகு விவசாயி அர்த்தனாரி இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி பாப்பாயியும் எங்கள் இருவரின் கால்களும் நலம். அங்கே தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் எல்லோருடைய கால்களும் நலமாக இருக்க மாரியாயி துணை நிற்கட்டும். காலைத் தனியாக விசாரிக்கிறானே, இவன் யாரடா என்று நினைப்பீர்கள். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டால் தாங்களும் இனிமேல் யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் விசாரிப்பீர்கள். தங்கள் இதழ் இங்கிலீஷில் வருவது எனக்குத் தெரியும். ஆனாலும் அது சென்னையிலிருந்து வருகிறது என்று எங்கள் கிராமத்து நர்ஸ் கலைமணி சொன்னதால் தைரியமாகத் தமிழில் எழுதுகிறேன். தங்களுக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் தெருவில் காய்கறி விற்கிறவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லவும். அவருக்குச் சர்க்கரை இருந்தால் அவருக்கும் உபயோகப்படும்.

விஷயத்துக்கு வருகிறேன். சேந்தமங்கலம் டாக்டர் நாசியா, சர்க்கரை நோயாளிகளின் காலைப் பற்றி எங்கள் மலையில் ஆராய்ச்சி செய்து தங்களுக்கு ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். தாங்கள் அதைத் திருப்பிவிட்டீர்கள். வளப்பூர் நாட்டு ஊரின் கணக்கு நம்பும்படியாக இல்லை, அந்த ஊரை அடியோடு நீக்கிவிட்டு மற்ற ஊர்களை மட்டும் வைத்து அனுப்பினால் யோசிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாசியா நீக்க மாட்டேன் என்கிறார். நடந்ததை நடக்கவில்லை என்று காட்டுவது பொய் என்கிறார். கட்டுரை அச்சில் வராவிட்டால் மாசி மாதத்தோடு ஆராய்ச்சிக்குப் பூட்டு. எங்கள் மலையிலேயே பக்கத்துப் பகுதிகளான அரியூர் நாட்டுக்கும் பைல் நாட்டுக்கும் அடுத்த வருடம் வர வேண்டிய செருப்புகள் வராது. நாசியாவும் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போய்விடுவார். ஆகவே எங்கள் ஊரை நீக்காமல் கட்டுரையை வெளியிட வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம். நம்ப முடியவில்லை என்று தாங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் அத்தனையையும் செய்தவர்கள் நாங்கள்தான்.

நாசியா யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவருடைய அத்தா ஜாபர் உசேன் சேந்தமங்கலத்தில் மிளகு, காப்பிக்கொட்டை வாங்கி விற்பவர். எனக்கு மீசை முளைத்த நாளிலிருந்து என் மிளகை அவர்தான் வாங்குகிறார். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தே எந்த நாட்டு மிளகு என்று சொல்வார். ஆளும் குரலுமாக அவர் கடைவாசலில் வந்து நின்றால் சந்தையே திரும்பிப் பார்க்கும். அவருக்குச் சர்க்கரை. காலில் ஒரு கொப்புளம் வந்தது, வலிக்கவில்லை, வலிக்காததைப் பற்றி யார் கவலைப்படுவார்கள், தொழுகைக்குக் கால் கழுவும்போதெல்லாம் பார்த்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது கடைக்குள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அப்போது நாசியா டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "வலிச்சிருந்தா அத்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாருங்க மாமா. வலிக்காததுதான் நோவே" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். (அவர் என்று எழுதுகிறான், அவள் என்றும் எழுதுகிறானே என்று பார்க்க வேண்டாம். டாக்டரம்மா என்று கும்பிடுவதா, கண்ணு என்று கூப்பிடுவதா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. இரண்டும் கலந்துதான் வரும்.)

அவருடைய ஆராய்ச்சியை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன், தவறு இருந்தால் தாங்கள் திருத்திக்கொள்ளவும். சர்க்கரை வந்து நாளாகிவிட்டால் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி போய்விடுமாம். கல் அறுத்தாலும் தெரியாது, முள் ஏறினாலும் தெரியாது. ஆனால் உள்ளே புண் உருவாகும்போதே, வெளியே வாய் திறப்பதற்கு முன்னாலேயே, அந்த இடம் மட்டும் சூடாகத் தொடங்குமாம். காலுக்கு உரியவனுக்குத் தெரியாத அந்தச் சூட்டைச் செருப்புக்காவது தெரிய வைத்தால் என்ன என்று இந்தப் பெண் யோசித்திருக்கிறாள். அடியில் சூட்டையும் அழுத்தத்தையும் அளக்கும் ஒரு சின்ன மிசின் வைத்த கறுப்புச் செருப்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி, அவரவர் பெயர் மட்டும் எழுதியிருக்கும். சூடு ஏறினால் மிசின் கலைமணியின் போனுக்குச் சொல்லும், போன் சேந்தமங்கலத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் நாசியாவைச் சும்மா இருக்க விடாது. பாதிப் பேருக்கு மிசின் உள்ள செருப்பு, பாதிப் பேருக்கு மிசின் இல்லாத செருப்பு, எது யாருக்கு என்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள், யாருக்கு எது போனது என்று போட்டிருப்பவருக்கே தெரியக் கூடாது. மற்ற ஊர்களில் இதை விளக்கிச் சொல்வதற்குள் அவருக்குத் தொண்டை வற்றிவிட்டதாம். எங்கள் ஊரில் பூசாரி வேல்முருகன் பாதியிலேயே, "அட, பூக் கேக்கறதுங்க!" என்றார். கல்யாணம் என்றாலும் கிணறு வெட்டுவது என்றாலும் மாரியாயி முன்னால் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிப் போட்டு ஒன்றை எடுப்போம். வந்தது வந்ததுதான், மறுபேச்சுக் கிடையாது. நாசியா எழுந்து நின்று, "இதேதானுங்க, இதைத்தான் நாங்களும் செய்யறோம்!" என்று கைதட்டினார். அன்றைக்கே எங்கள் ஊருக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது.

இனிமேல்தான் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். எங்கள் ஊர் எல்லையில் ஒரு கல் நட்டிருக்கிறது. கல்லுக்கு உள்ளே மாரியாயி இடம், யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. அதனால் ஊர்ச் செருப்பெல்லாம் எல்லைக்கல் பக்கத்துப் பலாமரத்தடியில்தான் கிடக்கும். ரோட்டுக்குப் போகிறவர் தன் காலுக்குப் பொருந்துவதை மாட்டிக்கொண்டு போவார், திரும்பி வரும்போது அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வருவார். என்னுடையது உன்னுடையது என்ற பேச்சே கிடையாது. இதைத் திருட்டு என்று நினைத்துவிட வேண்டாம், எங்கள் ஊரில் ஏணியும் அப்படித்தான். நாசியா செருப்புக் கொடுத்தபோது, "இதை நீங்க மட்டுந்தான் போடோணும், வேற யாருக்கும் தரக் கூடாதுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். எல்லோரும் "ஆமாங்க" என்றார்கள். ஊர் தேடி வந்தவர் ஒன்று சொன்னால் ஆமாங்க என்பதுதான் மரியாதை. அந்த மரியாதையைச் செய்துவிட்டுச் செருப்பைக் கொண்டுபோய்ப் பலாமரத்தடியில் வரிசையாக விட்டுவிட்டோம்.

இப்போது தங்கள் முதல் கேள்வி. பங்கேற்ற ஒரு பெண்மணியின் வலது பாதத்தில் மட்டும் மணிக்கணக்கில் அழுத்தமும் சூடும் இருக்கிறது, இடது பாதம் எப்போதாவதுதான் அசைகிறது, இது மனிதர் நடக்கும் நடையாகத் தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெண்மணி என் மனைவி பாப்பாயி. அவளுக்குத்தான் சர்க்கரை, அவள்தான் ஆராய்ச்சியில் சேர்ந்தாள். மனிதர் நடை இல்லை என்று தாங்கள் கண்டுபிடித்தது சரி, அது லாரியின் நடை. எங்கள் ஊர்க் கார்த்தி குச்சிக்கிழங்கு (மரவள்ளிதான்) லோடு ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவு முழுக்கப் பிரேக்கில் கால் வைத்தபடியேதான் இறங்குவான், வேறு எப்படி இறங்குவது, அன்றைக்குப் பாப்பாயியின் செருப்பு அவன் காலுக்குச் சரியாக இருந்திருக்கிறது. சேந்தமங்கலத்தில் கம்ப்யூட்டர் கத்த, நாசியா கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்து, எல்லைக்கல்லில் தன் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடி வந்து பாப்பாயியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் குச்சிக்கிழங்கு உரித்துக் கழுவி வந்திருந்த பாப்பாயியின் கால் சில்லென்று இருந்தது. இவர் சூட்டைத் தேடுகிறார், அவள் கூச்சத்தில் நெளிகிறாள், அந்த நேரம் பார்த்துக் கார்த்தி லாரியை நிறுத்திவிட்டு வந்து, "அத்தே, உங்க செருப்பு சூப்பருங்க. பிரேக்குல வழுக்கவே இல்லீங்க" என்றான். நாசியா அவனைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், பலாமரத்தடியில் கிடந்த வரிசையைப் பார்த்தார், அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பாப்பாயியின் செருப்பில் மிசின் இருக்கிறது என்ற ரகசியம் அன்றைக்கு ஊருக்கே தெரிந்துவிட்டது.

இரண்டாவது கேள்வி. ஒருவருடைய இரண்டு பாதங்களும் மனித உடம்பில் இருக்கவே முடியாத சூட்டைக் காட்டின, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதி செய்யவும் என்று கேட்டிருக்கிறீர்கள். தனபால் உயிரோடுதான் இருக்கிறார், நேற்றுகூட வரப்பு விஷயமாக என்னோடு சண்டை போட்டார். அது அடைமழை நாள். செருப்பு நனைந்து ஊறிவிட்டது. நனைந்ததைக் காய வைக்க எங்கள் வீடுகளில் ஒரே இடம் அடுப்புக்கு மேலே இருக்கும் பரண், அங்கேதான் மழைக்காலத்தில் மிளகும் காயும், தனபால் செருப்பைக் கையில் எடுத்துப் போய் அதையும் மிளகோடு சேர்த்துப் போட்டுவிட்டார். நாசியா இந்த முறை ஆம்புலன்ஸையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் தனபால் கால் நீட்டி உட்கார்ந்து பலாக்கொட்டை சுட்டுத் தின்றுகொண்டிருக்கிறார். "ரெண்டு கொட்டை எடுத்துக்குங்க டாக்டரம்மா" என்கிறார். வேறு யாராக இருந்தாலும் செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டு மலையிறங்கியிருப்பார்கள். இவர் அந்தக் கொட்டையை வாங்கி உரித்துத் தின்றுகொண்டே, 'அடுப்புப் பரண், மிளகோடு' என்று எழுதிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங் கண்ணு, உனக்குக் கோபமே வராதா?" என்று கேட்டேன். "வருதுங்க மாமா. ஆனா நீங்க செருப்பை எப்படிப் பொழங்கறீங்கன்னு பாக்காம செருப்புச் செஞ்சது நானுங்களே" என்றாள். படித்தவர்கள் எத்தனையோ பேர் எங்கள் மலைக்கு வந்து எங்களுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தப்பைத் தன் பக்கம் தேடிய ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூன்றாவது கேள்விக்காகத்தான் இத்தனை நீளக் கடிதம். பெண்மணி ஒருவரின் செருப்பில் வலது பெருவிரலுக்குக் கீழே ஒரே இடத்தில் விடாமல் சூடு காட்டியிருக்கிறது, ஆனால் அவருடைய காலைப் பரிசோதித்தபோது ஒன்றும் இல்லை, எனவே இது மிசினின் பிழை, இதை நீக்கவும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அது மிசின் பிழை இல்லை. அது நான்.

எனக்குச் சர்க்கரை இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. சாமைச்சோறு தின்று வளர்ந்தவன், இந்த வயசிலும் கொடி படர்ந்த முள்முருங்கை மரத்தில் ஏறி மிளகு பறிப்பவன், சர்க்கரை என்பது கீழ்நாட்டுக்காரர்கள் சும்மா உட்கார்ந்து வாங்கிக்கொள்வது என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவன். கலைமணி ஊசியால் விரலைக் குத்திப் பார்க்கிறேன் என்று வந்தபோதெல்லாம் தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன். ஆனால் காலையில் டீக்கடைக்குப் போகும்போது பாப்பாயியின் செருப்பைத்தான் மாட்டிக்கொண்டு போவேன். எங்கள் இருவருக்கும் ஒரே அளவுக் கால். அது மெத்தென்று இருக்கும். டீக்குச் சர்க்கரை தூக்கலாகப் போடச் சொல்லிக் குடித்துவிட்டு வருவேன்.

ஆடி மழையில் மிசின் மறுபடியும் கத்தியது. ஏற்கெனவே பிரேக்குக்காக ஒருமுறை, பரணுக்காக ஒருமுறை நாசியா வந்து போயிருந்ததால் இந்த முறை கலைமணியே போனில், "மறுபடியும் எவனாச்சும் அடுப்புல போட்டிருப்பானுங்க டாக்டர், நீங்க வர வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டாள். நாசியா வந்துவிட்டார். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட, மீதி வழியை மழையில் நடந்தே ஏறி வந்திருக்கிறார். தலை முதல் கால் வரை ஈரம். முதலில் பாப்பாயியின் காலைப் பார்த்தார், ஒன்றும் இல்லை. திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தோம். அவர் எல்லைக்கல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இந்தச் செருப்பை யாரோ ஒருத்தர் தினமும் போட்டிருக்காங்க. அவங்க கால்ல புண்ணு உள்ளயே வளருது. அவங்களுக்கே அது தெரியல. யாருன்னு பாக்காம நான் கீழ எறங்க மாட்டேனுங்க" என்றார். சொல்லும்போது குரல் நடுங்கியது. குளிரில் நடுங்கியதா, அத்தாவின் கால் ஞாபகத்துக்கு வந்ததா, எனக்குத் தெரியாது.

ஊர் மொத்தமும் கால் கழுவிக்கொண்டு பலாமரத்தடியில் வரிசையில் நின்றது. கூட்டத்தைச் சரிசெய்ய ஒரு ஆள் வேண்டுமே, அந்தப் பொறுப்பை யாரும் கொடுக்காமலே நான் எடுத்துக்கொண்டேன். "தள்ளாம வாங்க, பின்னங்காலை நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க, டாக்டரம்மா கையி சுத்தமா இருக்கோணும்" என்று அதிகாரம் செய்துகொண்டு நின்றேன். அவர் ஒவ்வொரு பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், ஒரு கருவியை வைத்தும் பார்த்தார். பூசாரி கால், கார்த்தி கால், தனபாலின் கால், தனபாலுக்கு ஒரே கர்வம், அடுப்பில் வைத்தும் கெடாத கால் அல்லவா. வரிசை முடிந்துவிட்டது. யாரும் இல்லை. நாசியா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க?"

"எனக்கெதுக்கு கண்ணு? நான் ஆராய்ச்சியிலயே இல்லையே."

"காத்தால டீக்கடைக்கு எந்தச் செருப்புப் போட்டுட்டுப் போனீங்க?"

ஊரே என் காலைப் பார்த்தது. கழுவாத காலை நீட்டினேன். அவள் முகம் சுளிக்காமல் தன் துப்பட்டாவாலேயே சேற்றைத் துடைத்துவிட்டுப் பெருவிரலுக்குக் கீழே புறங்கையை வைத்தாள். அப்படியே வைத்திருந்தாள். அப்புறம் கலைமணியிடம் எதையோ வாங்கி அதை வைத்துக் கிளறி, ஒரு முள்முருங்கை முள்ளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். என் காலுக்குள் முள் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, சேந்தமங்கலத்தில் ஒரு மேசை மேல் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது. விரலைக் குத்திப் பார்த்தபோது அந்தச் சின்னக் கருவியில் வந்த எண்ணைப் பார்த்துக் கலைமணி, "அய்யோ சாமி" என்றாள். நான் பயந்துவிட்டேன் ஆசிரியரே. கடைக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஜாபர் உசேனின் மடித்துச் செருகிய கைலிதான் கண் முன்னால் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் விரல் போயிருக்கும், அதற்கு மேலும் போயிருக்கலாம் என்றார் நாசியா. இப்போது மருந்து சாப்பிடுகிறேன், புண் ஆறிவிட்டது, டீக்குச் சர்க்கரை கிடையாது, மரமும் ஏறுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தாங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். நாசியா கீழே இறங்கும் முன் தயங்கித் தயங்கிப் பூசாரியிடம், "சக்கரை இருக்கறவங்க மட்டும் ஊருக்குள்ள செருப்புப் போட்டுக்கலாமான்னு பூக் கேட்டுப் பாக்கலாமுங்களா?" என்றார். சாமி விஷயத்தில் நான் எப்படிச் சொல்வது என்ற பயம் அவருக்கு. பூசாரியோ, "பூவைப் புரிஞ்சுக்கிட்ட பொண்ணு கேக்குது, போடுவோம்" என்றார். வெள்ளை வந்தது. மாரியாயி உத்தரவு கொடுத்துவிட்டாள், ஆனால் சர்க்கரை இருப்பவர்களுக்கு மட்டும். அவ்வளவுதான், அதுவரை விரலைக் குத்த வந்த கலைமணியைக் கண்டால் ஓடி ஒளிந்த ஊர், அவள் வீட்டு வாசலில் வரிசை கட்டி நின்றுவிட்டது. ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கும் அந்தஸ்தை யார் விடுவார்கள்? சிலருக்கு இருந்தது, அவர்களே அறியாமல். இல்லாதவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். பூசாரியே, "நல்லாப் பாரு கலைமணி, கொஞ்சங்கூட இல்லையா?" என்று கெஞ்சியதை நான் என் காதால் கேட்டேன். தங்கள் இதழில் வரும் எந்த ஆராய்ச்சியிலாவது ஒரு ஊர் முழுக்கத் தானே வந்து விரலை நீட்டியிருக்கிறதா என்று தாங்களே பார்த்துக்கொள்ளவும்.

இப்போது சொல்லுங்கள். எங்கள் ஊரை நீக்கினால் என்ன மிஞ்சும்? சொன்னபடி செருப்புப் போட்ட ஊர்கள் மிஞ்சும். சொன்னபடி நடக்காத ஒரு ஊரில், ஆராய்ச்சியிலேயே இல்லாத ஒருவனின் காலை இந்தச் செருப்புக் கண்டுபிடித்ததே, அது போய்விடும். பிரேக்கு, பரண், பலாமரத்தடி, தன் மிசின் ஏமாந்த கதை எல்லாவற்றையும் நாசியா மறைக்காமல் எழுதி அனுப்பியிருக்கிறாள். வேறு யாராவது இதை எழுதுவார்களா? தன் சரக்கில் இருக்கும் கல்லைத் தானே பொறுக்கிக் காட்டிவிட்டு விலை பேசும் வியாபாரியை நான் அவளுடைய அத்தாவைத் தவிர வேறு யாரையும் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் யாரும் ஆராய்ச்சியைக் கெடுக்க வேண்டும் என்று செய்யவில்லை. பாப்பாயியின் செருப்பு என் காலுக்கு வந்தது ஊர் வழக்கத்தால் தற்செயலாக நடந்ததே தவிர, தெரிந்து யாரும் செய்ததில்லை. இது மாரியாயி மேல் ஆணை.

தங்களுக்கும் தங்கள் அலுவலகத்தில் கட்டுரைகளைச் சலித்துப் பார்க்கும் பெரியவர்களுக்கும் நீண்ட ஆயுளும் நோவற்ற உடம்பும் வாய்க்கட்டும். மலைக்கு வந்தால் என் வீட்டில்தான் தங்க வேண்டும். செருப்பை எல்லைக்கல்லில் விட்டுவிட்டு வரவும், போகும்போது அதே செருப்புக் கிடைக்கும் என்று மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது.

தங்கள் அன்புக்குப் பாத்திரமான,
வ. அர்த்தனாரி

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்கு முன் வீட்டில் ஒருமுறை சத்தமாகப் படித்தேன். நாசியாவும் வந்திருந்தார். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் மாரியாயி மேல் ஆணை என்ற இடம் வந்ததும் பாப்பாயி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, அதை அடிச்சிருங்க. சாமி பேர்ல பொய் எழுதக் கூடாது."

"என்ன பொய்?"

"அது ஒண்ணும் தானா உங்க காலுக்கு வரல. நாந்தான் தெனமும் விடிஞ்சதும் போயி, எஞ்செருப்பை மொத வரிசைல, நீங்க மாட்டற மாதிரித் திருப்பி வெச்சுட்டு வந்தேன்."

அவள் நாசியாவைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு நாள் அடுப்புக்கிட்ட உக்காந்து தின்னுட்டு இருந்தாருங்க கண்ணு. கங்கு தெறிச்சு இவரு கால் மேல விழுந்துச்சு. இவரு பாட்டுக்குத் தின்னுட்டே இருக்காரு. நாந்தான் தட்டி உட்டேன். அன்னைக்கே எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. டெஸ்டு எடுங்கன்னு சொன்னா மலைக்காரனுக்குச் சக்கரை வருமான்னு கத்துவாரு. நான் சொன்னாக் கேக்க மாட்டாரு, மிசினு சொன்னாக் கேப்பாரு. எஞ்செருப்புல மிசினு இருக்குன்னுதான் கார்த்தி புண்ணியத்துல தெரிஞ்சு போச்சே."

நாசியா சிரிப்பதை நிறுத்திவிட்டார். "அத்தே, அப்ப நீங்க எதைப் போட்டுட்டு நடந்தீங்க?"

"நானா? வெறுங்கால்தான்."

நாசியா தரையில் உட்கார்ந்து அவளுடைய இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல் விரலாக, விரலிடுக்கு விடாமல் பார்த்தார். அவ்வளவு நேரம் என்னால் மூச்சு விட முடியவில்லை. "வெடிப்பு மட்டுந்தான் இருக்குதுங்க மாமா, புண்ணு இல்ல" என்று சொன்ன பிறகுதான் விட்டேன்.

ஆகவே ஆசிரியரே, என் ஆணையை அடித்துவிடவும். தாங்கள் எழுதியதுதான் சரி, எங்கள் ஊர்க் கணக்கை நம்ப முடியாது, என் வீட்டுக் கணக்கையே நான் நம்ப முடியவில்லை. நாசியா இதையும் கட்டுரையில் சேர்த்தே ஆக வேண்டும் என்கிறார், சேர்த்தால் தாங்கள் நிச்சயம் திருப்பி விடுவீர்கள் என்றும் சொல்கிறார். பாப்பாயி வேண்டாம், ஊர் சிரிக்கும் என்கிறாள். நான் சேர்க்கச் சொல்லிவிட்டேன். தனக்குக் கொடுத்த செருப்பை ஒரு பெண் தெரிந்தே தன் புருஷன் காலுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தாள் என்று நாசியா இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார். கட்டுரை முழுவதற்கும் தங்கள் இதழில் இடமில்லை என்றால் அந்த ஒரு வரியை மட்டுமாவது வெளியிடவும்.